கனடா டே: நாற்பது பேர், ஒரு பார்க், ஒரு கரியடுப்பு

நிழல்தேடி (ஸ்காபரோ) எழுதியது:

வணக்கம் உறவுகளே. கனடா டே, ஜூலை 1, இந்தமுறை புதன்கிழமையிலை வருது. கிழமை நடுவிலை எண்டபடியால் ஒருத்தரும் தூர ஓடேலாது. உள்ளூரிலையே ஒரு பார்க்கிலை கூடுவம் எண்டு கூட்டாளிமார் ஏழு குடும்பம் முடிவெடுத்திருக்கிறம். பெரிசு, சிறிசு, ஊரிலையிருந்து வந்து நிக்கிற மாமா மாமி எல்லாரையும் சேர்த்தால் நாற்பது தலை வரும். பொறுப்பு என்ரை தலையிலை. போன வருசம் ஆகக் கூடக் குறை சொன்னவன் நான்தானாம், அதுக்குத் தண்டனை.

போன வருசம் நடந்தது இதுதான். காலமை போய் நல்ல நிழல் எண்டு பாயை விரிச்சம். ஒரு மணிக்கு அதே பாயிலை கால் வைக்கேலாத வெய்யில். கரி மூட்ட ரெண்டு மணித்தியாலம். கோழி வெளியிலை கறுப்பு, கடிச்சால் எலும்போடை சிவப்பு. நாலு மணிக்குச் சாப்பாடு வரேக்கை பிள்ளையள் எல்லாம் சிப்ஸ் திண்டு வயிறு நிரம்பி, "வீட்டை போவம்" எண்டு அழுதுகொண்டு நிண்டதுகள்.

இந்தமுறை மூண்டு கேள்வி. இடம் எப்பிடிப் பிடிக்கிறது? இறைச்சி எப்பிடிச் சுடுறது? இரவைக்கு வெடி கொளுத்துவம் எண்டு ரெண்டு பேர் ஒற்றைக் காலிலை நிக்கினம், அதுக்கு என்ன சொல்லுறது?

---

பழையகரி (ஸ்காபரோ) எழுதியது:

தம்பி, நாற்பது பேர் எண்டால் முதல் வேலை நகரசபையின்ரை பெர்மிற், அதுதான் அனுமதிக் கடுதாசி. ரொறன்ரோ பார்க்குகளிலை 25 பேருக்கு மேலை கூடினால் எடுக்கத்தான் வேணும். மோர்னிங்சைட், தொம்சன் பார்க் பக்கம் நல்ல இடங்கள் எல்லாம் ஆக்கள் பனி கொட்டேக்கையே பதிஞ்சு போடுவினம். கிழமை நாள் எண்டபடியால் உங்களுக்கு ஏதும் மிஞ்சியிருக்கலாம், இண்டைக்கே பாருங்கோ.

"இருபது இருபதாய்ப் பிரிஞ்சு இருந்தால் பெர்மிற் தேவையில்லைத்தானே" எண்டு இப்ப ஒருத்தர் வந்து எழுதுவார். எழுத முதலே சொல்லிப்போடுறன். நாங்களும் ஒருக்கால் அந்த விளையாட்டு விளையாடினனாங்கள். பத்தரைக்கு வேறை ஒரு குடும்பம் கையிலை கடுதாசியோடை வந்து நிண்டுது. சண்டை இல்லை, சிரிச்சுக்கொண்டுதான் நிண்டவை. நாங்கள் மூட்டின கரியோடை அடுப்பைத் தூக்கிக்கொண்டு நூறு யார் நடந்தம். எரிஞ்சுகொண்டிருக்கிற அடுப்பை ரெண்டு பேர் பிடிச்சுக்கொண்டு புல்லுக்குள்ளாலை நடக்கிற காட்சியை யோசிச்சுப் பாருங்கோ.

அடுத்தது நிழல். இதிலை கனபேர் பிழை விடுகினம். கோடையிலை மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைச்சிருக்கிறம். அதாலை ரொறன்ரோவிலை சூரியன் உச்சிக்கு வாறது 12 மணிக்கு இல்லை, கிட்டத்தட்ட 1.20க்கு. அதுக்குப் பிறகு வெய்யில் மேற்கிலை இருந்து அடிக்கும், நிழல் கிழக்காலை நீளும். ஆனபடியால் மரத்துக்குக் கிழக்குப் பக்கம் பாயைப் போடுங்கோ. பத்து மணிக்கு அது வெய்யிலாய்த்தான் இருக்கும், மனுசிமார் பேசுவினம். வாயை மூடிக்கொண்டு இருங்கோ, ரெண்டு மணிக்கு உங்களைக் கும்பிடுவினம்.

---

வெள்ளைப்பூண்டு (மார்க்கம்) எழுதியது:

உள்ளூரிலை ஏன் நெரிபடுறியள்? சிபோல்ட் பொயின்ருக்குப் போங்கோவன். சிம்கோ ஏரி, மணல், தண்ணி, பிள்ளையளுக்கும் பொழுது போகும்.

---

பழையகரி எழுதியது:

வெள்ளைப்பூண்டு, ஏழு குடும்பம் எண்டால் ஏழு கார். மாகாணப் பார்க்குகளுக்குக் காருக்கொரு நாள் பாஸ். உந்தப் பார்க்குக்கு அதை ஐஞ்சு நாளுக்கு முதல் ஒன்லைனிலை பிடிக்கலாம். ஆறு பேர் விடியவெள்ளன எழும்பிப் பிடிப்பினம், ஏழாவது ஆள் மறந்துபோய் வாசலிலை நிண்டு போன் அடிப்பார். பேந்து அண்டைக்கு முழுக்கக் கதை அந்த ஏழாவது ஆளைப் பற்றித்தான். வியாழன் காலமை வேலை வேறை கிடக்கு.

---

மருதங்காய் (ஏஜாக்ஸ்) எழுதியது:

இறைச்சிக் கேள்விக்கு நான் வாறன். பதினாறு வருசம் சமையல்கட்டிலை நிண்ட ஆள்.

தம்பி, உங்கடை கோழி கருகினதுக்கும் வேகாததுக்கும் காரணம் ஒண்டுதான். நடுவிலை ஐஸ் இருந்திருக்கும். திங்கட்கிழமை பின்னேரமே பிரீசரிலை இருந்து எடுத்து பிறிஜ்ஜுக்குள்ளை கீழ்த்தட்டிலை வையுங்கோ. செவ்வாய் இரவு பிரட்டுங்கோ. தயிர், உள்ளி, இஞ்சி, மிளகாய்த்தூள், தேசிக்காய்ப்புளி. சீனி, தேன், கெச்சப் ஒண்டும் அதுக்குள்ளை வேண்டாம். இனிப்புத்தான் முதல்லை கருகிறது. விருப்பமெண்டால் இறக்க ஐஞ்சு நிமிசம் இருக்கேக்கை பூசுங்கோ.

கரிக்கு எண்ணெய் ஊத்திறதை விடுங்கோ, கோழியிலை மண்ணெண்ணெய் வாசம் வரும். சிம்னி எண்டு ஒரு தகரக் குழாய் விக்கிறாங்கள். அடியிலை ரெண்டு பேப்பரைக் கசக்கி வைச்சு, மேலை கரியை நிரப்பி மூட்டினால் இருபது இருபத்தைஞ்சு நிமிசத்திலை கரியிலை சாம்பல் நிறம் பூக்கும். அதுக்கு முதல் ஒரு துண்டும் போடக்கூடாது. அடுப்பிலை கரியை ஒரு பக்கமாய்க் குவிச்சு மற்றப் பக்கத்தை வெறுமையாய் விடுங்கோ. சூட்டுப் பக்கம் நிறம் வர, ஆறின பக்கம் மூடி போட்டு வேக. சம்பல் அரைக்கிற நேரத்துக்கை கால் துண்டு வெந்திடும் எண்டு நினைக்காதையுங்கோ, நாற்பது நிமிசம் வையுங்கோ. குத்திப் பாக்கிற வெப்பமானி ஒண்டு வாங்குங்கோ. எலும்பிலை முட்டாமல் தடிச்ச இடத்திலை குத்தினால் 74 பாகை காட்டோணும். "தண்ணி தெளிவாய் வருது, காணும்" எண்டு சொல்லிற ஆம்பிளையளை அடுப்படிக்கு விடாதையுங்கோ.

பச்சை இறைச்சி வைச்ச தட்டிலை சுட்ட இறைச்சியைத் திருப்பி வைக்கிறது எங்கடை ஆக்களின்ரை தேசிய விளையாட்டு. அதுக்கு வேறை தட்டு கொண்டு போங்கோ. குடிக்கிற சாமானுக்கு ஒரு ஐஸ்பெட்டி, இறைச்சிக்கு வேறை. குடிக்கிற பெட்டியை நிமிசத்துக்கு ஒருக்கால் திறப்பினம், ரெண்டும் ஒண்டெண்டால் இறைச்சிக்குக் குளிர் நிக்காது.

---

மஞ்சப்பை (மிசிசாகா) எழுதியது:

அண்ணா, எங்க குரூப்ல பாதிப் பேர் சைவம். போன வாட்டி எல்லாரும் அடுப்பைச் சுத்தி நிக்க, நாங்க மூணு பேர் வெள்ளரிக்காயைக் கடிச்சுட்டு உட்கார்ந்திருந்தோம். அதனால சைவத்துக்குத் தனியா ஒரு சின்னத் தட்டடுப்பு வையுங்க. பன்னீர், குடமிளகாய், அன்னாசி, மக்காச்சோளம்னு போட்டா அசைவம் சாப்பிடறவங்களே முதல்ல அதைத்தான் காலி பண்ணுவாங்க. அதுக்கும் சேர்த்து அளவு வச்சுக்கோங்க.

புளிசாதம், எலுமிச்சை சாதம் கொண்டு போறது நல்ல யோசனைதான். ஆனா சாதத்தைச் சூடாவே பெரிய பாத்திரத்துல மூடி வச்சுட்டு அஞ்சு மணி நேரம் கழிச்சுத் திறக்காதீங்க. ராத்திரியே வடிச்சுப் பரப்பி, ஆறவிட்டு, பிரிஜ்ல வச்சு எடுத்துட்டுப் போங்க. வெயில்ல ஒரு மணி நேரத்துக்கு மேல வெளிய வைக்காதீங்க. எங்க வீட்ல இதைச் சொன்னா "ஊர்ல நாங்க வைக்காததா"ன்னு ஒரு குரல் வரும். உங்க வீட்லயும் வரும்.

---

மூட்டைமுடிச்சு (மொன்றியல்) எழுதியது:

உங்களுக்கு என்ன, பாபிகியூ! எங்களுக்கு ஜூலை 1 எண்டால் பிறிஜ் தூக்கிற நாள். கியூபெக்கிலை கனக்க வாடகை ஒப்பந்தம் ஜூன் 30 ஓடை முடியிறது. நாடு முழுக்கக் கொடி பிடிக்க நாங்கள் மூண்டாம் மாடிக்கு மெத்தை ஏத்துவம். இங்கை வெளிப்படிக்கட்டு வேறை வளைஞ்சு வளைஞ்சு போகும். சோபாவை நிமித்திப் பிடிச்சால் கம்பியிலை முட்டும், சரிச்சுப் பிடிச்சால் கீழை நிக்கிறவன்ரை தலையிலை முட்டும்.

ஆனாலும் சொல்லுறன், அதுவும் கூட்டாளிமாரோடை வெளியிலை கொண்டாடிற ஒரு விதம்தான். வேலை முடிஞ்சு வானின்ரை பின்கதவைத் திறந்து வைச்சு, அதிலையே இருந்து ரோல்ஸும் சோடாவும் அடிச்ச ஒரு பின்னேரம் இருக்கு. இப்பவும் அந்த நாலு பேரும் கதைச்சால் அதைத்தான் கதைப்பம்.

---

கோட்டான் (பிரம்ரன்) எழுதியது:

வெடிக் கேள்விக்கு ஒருத்தரும் பதில் சொல்லேல்லை. எங்கடை பிரம்ரனிலை 2022 கடைசியிலை தனியாக்கள் வெடி கொளுத்திறதையே தடை செய்திட்டினம். ரொறன்ரோவிலை கனடா டேக்கு உங்கடை சொந்தக் காணியிலை இரவு 11 மணி வரைக்கும் கொளுத்தலாம். பார்க்கிலை, கடற்கரையிலை, றோட்டிலை கூடாது. சட்டம் அவ்வளவுதான். ஆனாலும் பார்க்கிலை எல்லாரும் கொளுத்தினம், ஒருத்தனையும் பிடிச்சு நான் காணேல்லை. ஒரு நாள் சந்தோசத்துக்கு இவ்வளவு யோசிக்கவேணுமே?

---

தனிப்பனை (ஸ்காபரோ) எழுதியது:

கோட்டான், நான் சட்டம் கதைக்க வரேல்லை.

அம்மா வன்னியிலை கடைசி வரைக்கும் நிண்டவ. இங்கை வந்து முதல் கனடா டே. நாங்கள் பார்க்கிலை இருந்து வெளிக்கிட்டுக் கார் நிப்பாட்டின இடத்துக்கு நடந்து வாறம். பின்னாலை பெடியள் ஆரோ ஒரு பெட்டியைக் கொளுத்திப் போட்டாங்கள். முதல் சத்தம் கேக்கவே அம்மா என்ரை மகளைப் பிடிச்சு இழுத்து, காருக்கும் மதகுக்கும் நடுவிலை குப்புறப் படுத்திட்டா. மகளுக்கு அப்ப நாலு வயசு. அவள் அது ஒரு விளையாட்டு எண்டு நினைச்சுச் சிரிக்கிறாள். அம்மான்ரை கை அவளின்ரை தலையை அமத்திக்கொண்டிருக்கு. நான் குனிஞ்சு "அம்மா, வாணம்" எண்டன். அவ எழும்பேல்லை. எண்ணிக்கொண்டு இருந்தா. சத்தத்துக்கும் சத்தத்துக்கும் இடையிலை எவ்வளவு நேரம் எண்டு எண்ணிறா.

அதுக்குப் பிறகு ஒவ்வொரு வருசமும் ஒன்பது மணிக்கு முதல் அம்மாவைக் கொண்டுபோய் வீட்டிலை விட்டு, யன்னலைச் சாத்தி, ரீவியைச் சத்தமாய்ப் போட்டுவிடுறன். நகரசபை ஆஷ்பிறிட்ஜஸ் பேயிலை வழக்கமாய் 10 மணிக்குச் செய்யிற வாணவேடிக்கை எனக்குப் பிரச்சினை இல்லை. எப்ப, எங்கை எண்டு தெரியும், ஆயத்தப்படுத்தலாம். தெரியாமல் வாறதுதான் ஏலாது. நாற்பது பேர் வருகினம் எண்டால், அதுக்குள்ளை அம்மாவைப்போலை எத்தினை பேர் எண்டு நிழல்தேடி ஒருக்கால் யோசியுங்கோ.

---

கோட்டான் எழுதியது:

அண்ணை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நான் இங்கை பிறந்தனான். என்ரை அப்பாவும் அண்டைக்கு நிலவறையிலை போய் இருப்பார். "எனக்குத் தலையிடி" எண்டு சொல்லுவார். நான் அதைத் தலையிடி எண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சனான்.

---

கேள்விக்குறி (ஒட்டாவா) எழுதியது:

கோழிக்கும் வெடிக்கும் நடுவிலை ஒரு முள்ளுக் கேள்வி. எதைக் கொண்டாடுறம்? 1867 ஜூலை 1 இலை ஒன்ராறியோ, கியூபெக், நியூ பிரன்ஸ்விக், நோவா ஸ்கோஷியா நாலும் சேர்ந்தது. 1982 வரைக்கும் இதுக்கு டொமினியன் டே எண்டு பேர். 1923 இலை சீனர் உள்ளுக்கு வாறதைத் தடுத்த சட்டம் நடைமுறைக்கு வந்ததும் இதே ஜூலை 1 இலைதான். 1947 வரைக்கும் அது இருந்தது. அந்தக் காலத்திலை இங்கை இருந்த சீனர் இந்த நாளை அவமான நாள் எண்டு சொல்லிக் கடையைப் பூட்டினவை. 2021 இலை கம்லூப்ஸிலை பழங்குடிப் பிள்ளையளை வைச்சிருந்த பழைய உறைவிடப் பள்ளி வளவிலை அடையாளமில்லாத புதைகுழியள் இருக்கலாம் எண்ட செய்தி வந்தாப்பிறகு கனக்க ஊர்களிலை கொண்டாட்டத்தை நிப்பாட்டினவை, பலர் அந்தப் பிள்ளையளின்ரை நினைவாய்ச் செம்மஞ்சள் சேட்டுப் போட்டவை. எங்களுக்கும் ஜூலை எண்டால் முதல் நினைவு 83 கறுப்பு ஜூலை தானே. எனக்குக் கொடி பிடிக்க ஒரு கூச்சம் இருக்கு. ஆனால் கொத்துரொட்டி திண்ணப் போவன், அதையும் ஒளிக்கேல்லை.

---

உப்புக்காற்று (சென் ஜோன்ஸ்) எழுதியது:

நான் நியூஃபவுண்ட்லாந்திலை இருந்து எழுதிறன். இங்கை ஜூலை 1 காலமை ஒருத்தரும் கொண்டாடிறேல்லை. முதலாம் உலகப் போரிலை, 1916 ஜூலை 1, பிரான்சிலை போமோன் ஹமெலிலை நியூஃபவுண்ட்லாந்துப் படையிலை 800 பேர் போலை முன்னுக்குப் போனவை. அடுத்த நாள் பேர் கூப்பிடேக்கை பதில் சொன்னது 68 பேர். அப்ப இது கனடாவே இல்லை, 1949 இலைதான் சேர்ந்தது. அதாலை காலமை நினைவுத்தூணடியிலை நிண்டு, சேட்டிலை சின்ன நீலப்பூ குத்திக்கொண்டு அழுவினம். பின்னேரம் அதே சனம் கொடியோடை பார்க்குக்குப் போகும். பின்னேரக் குளிருக்கு ஜூலையிலும் ஜக்கற் வேணும், அது வேறை கதை.

முதல் வருசம் எனக்கு இது விளங்கேல்லை. ஒரே நாளிலை ரெண்டும் எப்பிடி எண்டு பக்கத்து வீட்டுக் கிழவரைக் கேட்டன். "காலமை ஒண்டு, பின்னேரம் ஒண்டு, அதுக்கு நடுவிலை மத்தியானச் சாப்பாடு" எண்டார். பேந்து கேட்டார், நீ அந்த வள்ளத்திலை வந்த ஆக்களின்ரை சொந்தமோ எண்டு. 1986 ஆவணியிலை ரெண்டு உயிர்காப்பு வள்ளத்திலை தத்தளிச்ச 155 தமிழரை இந்தக் கரையோர மீன்பிடிகாரர்தான் ஏத்தி எடுத்தவை. நான் இல்லை எண்டன். "பரவாயில்லை, இருந்து சாப்பிடு" எண்டு கொட் மீன் பொரியலைத் தள்ளிவிட்டார். கேள்விக்குறிக்கு என்னட்டைப் பதில் இல்லை, இதுதான் இருக்கு.

---

பச்சைப்புல் (பிக்கரிங்) எழுதியது:

ஒரு சின்ன விசயம், ஆனால் மறந்துபோடுவியள். ரூஜ் ஆற்றுப் பக்கம் எங்கையும் போனால் உண்ணி பாருங்கோ. கறுப்புக்கால் உண்ணி எள்ளளவுதான் இருக்கும், லைம் நோய் கொண்டு வரும். பிள்ளையள் பந்தெடுக்க உயரப் புல்லுக்குள்ளை போகாமல் பாத்துக்கொள்ளுங்கோ. வீட்டை வந்து முழங்கால் மடிப்பு, கக்கம், காதுக்குப் பின், தலைமயிருக்குள்ளை தடவிப் பாருங்கோ. கடிச்சிருந்தால் கூர்ச்சாமணத்தாலை தோலோடை ஒட்டப் பிடிச்சு நேர மேலை இழுக்கோணும். நெருப்புக்குச்சி, வசிலின், ஊர் வைத்தியம் ஒண்டும் வேண்டாம். 24 மணித்தியாலத்துக்குள்ளை எடுத்தால் பெரும்பாலும் பயமில்லை. எடுத்த உண்ணியைப் போத்திலிலை போட்டு வையுங்கோ, மருந்துக்கடையிலை காட்டிக் கேக்கலாம்.

---

நிழல்தேடி எழுதியது (ஜூலை 2, வேலையிடத்திலை தேத்தண்ணி இடைவேளையிலை):

முடிஞ்சுது. கை முழுக்க இன்னும் புகை மணம்.

பெர்மிற் கிடைச்சது. நல்ல இடமெல்லாம் போய், மலசலகூடத்துக்கு ஐஞ்சு நிமிசம் நடக்கிற ஒரு மூலை. முதல்லை எல்லாரும் முகத்தைச் சுழிச்சினம். பேந்து அந்த நடை பெரியாக்களுக்கு ஒரு உலாத்தாய்ப் போச்சு. மாமியும் மற்ற மாமியும் கதைச்சுக்கொண்டு போய் வர முக்கால் மணித்தியாலம், ஆற்றை கலியாணம் எண்டு தெரியேல்லை, ஒண்டு பேசி முடிச்சிட்டு வந்திருக்கினம் போலை.

மரத்துக்குக் கிழக்காலை பாயைப் போட்டன். பத்து மணிக்கு எல்லாரும் என்னைப் பாத்த பார்வை இருக்கே. என்ரை மனுசி ஒண்டும் சொல்லாமல் குடையை மட்டும் விரிச்சா, அது பேசினதை விட மோசம். ரெண்டு மணிக்கு அடுத்த கூட்டம் கதிரையளைத் தூக்கிக்கொண்டு எங்கடை நிழலுக்கு வந்தினம். பழையகரி அண்ணைக்கு ஒரு கும்பிடு.

சிம்னி வேலை செய்தது. வெப்பமானிதான் சண்டைக்குக் காரணம். 68 காட்டேக்கை ஒரு கூட்டாளி, "முப்பது வருசம் சுடுறன், எனக்கு ஊசி வேண்டாம்" எண்டு கரண்டியைப் பறிச்சான். மருதங்காய் அக்கா எழுதினதைப் போனிலை எடுத்து வாசிச்சன், "விடாதையுங்கோ" எண்ட இடத்திலை அவன்ரை மனுசி கை தட்டினா. 74க்கு இறக்கினம். ஒன்றரைக்குச் சாப்பாடு. பன்னீர் பத்து நிமிசத்திலை முடிஞ்சுது, சைவக்காரர் ரெண்டு பேருக்கு அதிலை ஒரு துண்டும் கிடைக்கேல்லை. மஞ்சப்பை சொன்னவ, நான்தான் கேக்கேல்லை.

வெடிக்கு. தனிப்பனை எழுதினதை எங்கடை வட்ஸ்அப் குறூப்பிலை போட்டன். ஒரு சொல் கூடச் சேர்க்கேல்லை. வெடி வெடி எண்டு நிண்ட ரெண்டு பேரிலை ஒருத்தன் ஒரு மணித்தியாலம் கழிச்சு, "என்ரை மாமாவும் அப்பிடித்தான், விடுவம்" எண்டு எழுதினான். மற்றவன் ஒண்டும் எழுதேல்லை, ஆனால் கொண்டு வரேல்லை. பதிலுக்குப் பிள்ளையளுக்கு வெளிச்சம் எரியிற வளையம் வாங்கினம். இப்ப பொழுதுபட ஒன்பது மணி தாண்டுதுதானே. இருட்டினாப்பிறகு பத்துப் பன்ரெண்டு பிள்ளையள் பச்சை, சிவப்பு வளையத்தோடை புல்லுக்குள்ளை ஓடினதுகள். உயரப் புல்லுக்குள்ளை இல்லை, பச்சைப்புல் கவலைப்படாதையுங்கோ. வீட்டை போய் எல்லாற்றை காதுக்குப் பின்னும் பாத்தாச்சு, உண்ணி இல்லை, ஐஸ்கிறீம்தான் இருந்தது.

பத்து மணிக்குத் தூரத்திலை எங்கையோ சத்தம் கேட்டது. மாமா எழும்பி, "போவம் தம்பி" எண்டார். அவரும் ஒருக்காலும் ஒண்டும் சொல்லாத ஆள். பாயைச் சுத்தினம், கரிக்குத் தண்ணி ஊத்தி, ஆறுமட்டும் நிண்டு, தகர வாளியிலை அள்ளினம். மரத்தடியிலை கொட்டேல்லை.

---

பழையகரி எழுதியது:

நிழல் சரி. பெர்மிற் அடுத்த வருசத்துக்கு எப்ப போடப்போறியள்?

---

நிழல்தேடி எழுதியது:

அடுத்த வருசம் பொறுப்பு அந்த முப்பது வருசக்காரனுக்கு. அவன்தான் இந்தமுறை கூடக் குறை சொன்னவன்.

அதோடை ஒரு கேள்வி, எங்கடை குறூப்பிலை ஒருத்தரும் ஒத்துக்கொள்ளுறினம் இல்லை. நீல மூடி போட்ட பெரிய ஐஸ்பெட்டி ஒண்டு என்ரை காருக்குள்ளை இருக்கு. உள்ளுக்கை அரைவாசி வத்தகப்பழமும் ஒரு பிள்ளையின்ரை இடதுகால் சப்பாத்தும் கிடக்கு. பக்கத்து மரத்தடியிலை இருந்த கூட்டத்தின்ரையோ தெரியாது. இதை ஆரும் அவை வாசிச்சால் சொல்லுங்கோ. வத்தகப்பழத்துக்கு உத்தரவாதம் இல்லை.